மீண்டும் ஓடுபாதைக்கு: பில்லி மங்கர் தரும் பாடம்
(வளர்நிலை வகுப்பு மாணவர்க்கும் பெற்றோர்க்கும்)



ஆண்டு விழா மலரில் வாழ்த்துரைகளும் கவிதைகளும் இடம்பெறுவது வழக்கம். அவற்றோடு வகுப்பறையில் வாசித்து உரையாடத் தக்க பாடம் ஒன்றும் இருத்தல் நன்று எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகின்றோம். எடுத்துக்கொண்ட பொருள், இந்த நாட்டிலேயே, உங்களை ஒத்த வயதில் ஓர் இளைஞருக்கு நேர்ந்த விபத்தும் அவர் அதினின்று மீண்ட வரலாறும் ஆகும். அவர் பெயர் பில்லி மங்கர்.

மன உறுதி இருந்தால் எதையும் வெல்லலாம் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடக் கூடிய கதை இதுவன்று. மன உறுதி இருந்தது உண்மை. அதனுடன் மருத்துவம் இருந்தது, பொறியியல் இருந்தது, பலருடைய பொருளுதவி இருந்தது, மாற்றப்பட்ட ஒரு விதியும் இருந்தது. இவை ஒவ்வொன்றும் எவ்வாறு துணை செய்தன என்று பகுத்துப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. விபத்து

பில்லி மங்கர் 1999 மே 5ஆம் நாள் பிறந்தவர். இங்கிலாந்தின் சறே மாவட்டத்தைச் சேர்ந்தவர். சிறு வயதிலேயே 'கார்ட்' எனப்படும் சிறிய பந்தய வண்டிகளை ஓட்டிப் பழகியவர். 2016இல் பிரித்தானிய போர்முலா 4 போட்டிகளிற் பங்குபற்றத் தொடங்கினார்.

போர்முலா 4 என்பது, கார்ட் ஓட்டி வளர்ந்த இளையோர் ஓராசனப் பந்தயக் காரிற் கால் வைக்கும் முதற் படியாகும். 15 வயது நிரம்பியோர் இதில் ஓட்டலாம். இந்நிலையில் ஓட்டுவோர்க்குச் சம்பளம் இல்லை. காரின் செலவையும் சில்லுகளின் செலவையும் குடும்பத்தாரும் ஆதரவாளரும் தாங்க வேண்டும். ஆகவே இவர்கள் பொழுதுபோக்காளருமல்லர்; தொழில்முறை ஓட்டுநருமல்லர். ஒரு கனவின் பொருட்டுக் குடும்பத்தின் உழைப்பைச் செலவிடும் பயில்நிலை விளையாட்டாளர்.

2017 ஏப்ரல் 16ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, உயிர்த்த ஞாயிறு. டொனிங்ரன் பார்க் ஓடுபாதையிற் பந்தயம் நடைபெற்றுக்கொண்டிருந்தது. முன்னே ஒரு கார் பழுதுபட்டு ஏறத்தாழ நின்றுவிட்டது. பில்லிக்கு முன்னால் ஓடிய கார்கள் அதைக் கண்டு விலகிச் சென்றன. அக்கார்கள் மறைத்தமையால், அவை விலகும் வரை நின்ற காரை அவர் காண இயலவில்லை. கண்டபொழுது காலம் கடந்துவிட்டது. அவருடைய கார் முழு வேகத்தோடு அதன் பின்புறத்தில் மோதிற்று. காரின் முன்பகுதி நசுங்கிக் கால்கள் இரண்டும் அதனுள் அகப்பட்டன.

அவரை வெளியே எடுக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் சென்றது. அவ்வேளை அவருக்கு நினைவு இருந்தது. உலங்குவானூர்தி மூலம் நொட்டிங்ஹாமில் உள்ள குயின்ஸ் மெடிக்கல் சென்ரர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பதினெட்டாவது பிறந்த நாளுக்கு மூன்று வாரங்களுக்குக் குறைவாகவே இருந்தது.

2. வைத்தியர்கள் ஏன் கால்களை அகற்றினர்?

இக்கேள்வியை மாணவர் பலர் கேட்பர். இக்காலத்தில் முறிந்த எலும்பைப் பொருத்த இயலாதா? பொருத்தலாம். ஆனால் ஒரு கால் உயிரோடிருக்க எலும்பு மட்டும் போதாது. இரத்தக் குழாய்கள் கிழிந்து, தசை நசுங்கிவிட்டால், முழங்காலுக்குக் கீழே ஒட்சிசன் செல்வதில்லை. சில மணி நேரத்தில் அத்தசை இறக்கத் தொடங்கும். இறந்த தசையிலிருந்து வெளிப்படும் பொருட்கள் இரத்தத்தோடு கலந்து சிறுநீரகங்களைப் பழுதாக்கும். இதயத்தின் ஒழுங்கையும் குலைக்கும். கிருமி தொற்றினால் உடல் முழுவதும் நஞ்சாகும். எனவே, காலைக் காப்பாற்ற முயன்று உயிரை இழப்பதா, காலை அகற்றி உயிரைக் காப்பதா என்னும் முடிவைச் சத்திரசிகிச்சை வைத்தியர் விரைந்து எடுக்க வேண்டியவராகின்றார்.

பில்லியை மூன்று நாட்கள் வரை மருந்தினால் ஆழ்ந்த மயக்க நிலையில் வைத்திருந்தனர். கண் விழித்தபோது இரு கால்களும் அகற்றப்பட்டிருந்தன.

கால் அகற்றும் சிகிச்சையில் மிக முக்கியமான வினா முழங்கால் மூட்டுத் தப்புமா என்பதாகும். முழங்கால் எஞ்சியிருந்தால், செயற்கைக் காலைத் தம் தசையாலேயே மடக்கவும் நீட்டவும் இயலும். அது போய்விட்டால் இயந்திர மூட்டு ஒன்றை நம்ப வேண்டும். நடப்பதற்குச் செலவாகும் சக்தியும் வெகுவாகக் கூடும். ஆகையாற்றான் வைத்தியர் ஒவ்வொரு சதம மீற்றரையும் காக்க முனைகின்றனர்.

3. இல்லாத காலில் வலி

காலை இழந்தவர் பலருக்கு, இல்லாத பாதத்தில் அரிப்பும் எரிவும் வலியும் தோன்றுவதுண்டு. பதினாறாம் நூற்றாண்டிலேயே அம்புறுவாஸ் பரே என்னும் பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை வல்லுநர் இதைக் குறித்துள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அங்கம் இழந்த வீரர்களை ஆராய்ந்த வைத்தியர் வெயர் மிச்சல் இதற்கு 'மாய அங்கம்' என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

இது கற்பனையன்று. நம் மூளையில் உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓரிடம் உண்டு. பாதம் போன பின்னரும் பாதத்துக்குரிய அவ்விடம் மூளையில் இருக்கின்றது. செய்தி வராத நிலையிலும் அது விழித்திருக்கின்றது. தமிழ்நாட்டிற் பிறந்து, சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று, பின்னர் கலிபோர்னியாவிற் பணியாற்றிய நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1990களில் இதற்கொரு எளிய முறையைக் கண்டார். ஒரு கண்ணாடியை நடுவில் நிறுத்தி, இருக்கும் கையையோ காலையோ அதில் பார்க்கச் செய்தால், இழந்த அங்கம் அசைவதுபோல மூளை உணர்கின்றது. சிலருக்கு வலி தணிகின்றது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். ஆயினும் இரு கால்களையும் இழந்தவர்க்குக் கண்ணாடியிற் காட்ட மற்றொரு கால் இல்லை என்பதையும் இங்கு நினைக்க வேண்டும்.

4. நடை பயிலல்

நலமான காலுடைய நாம் நடக்கும்போது நடப்பதைப் பற்றி எண்ணுவதில்லை. தரை சரிவா, ஈரமா, கல்லா என்பதைப் பாதமும் கணுக்காலும் நொடிதோறும் மூளைக்கு அறிவித்துக்கொண்டிருக்கின்றன. செயற்கைக் காலில் அவ்வறிவிப்பு இல்லை. தொடையிலும் இடுப்பிலும் உண்டாகும் அழுத்தத்தைக் கொண்டே தரையை ஊகிக்க வேண்டும்.

முதலிற் காயம் ஆற வேண்டும். பின்னர் எஞ்சிய பகுதியின் வீக்கம் வடிய, இறுகக் கட்டி அதற்கொரு வடிவம் தர வேண்டும். மூட்டுகள் மடங்கியபடியே இறுகிவிடாமல் இயன்மருத்துவர் நாள்தோறும் பயிற்சி தருவர். அதன் பின்னரே செயற்கைக் காலின் கிண்ணம் அளவெடுத்துச் செய்யப்படும். எஞ்சிய கால்பகுதி மாதந்தோறும் சுருங்குவதால், முதலிற் பொருந்திய கிண்ணம் சில காலத்திற் பொருந்தாது. பொருந்தாக் கிண்ணத்தில் நடந்தால் தோல் உரிந்து புண்ணாகும். புண் ஆறும் வரை மீண்டும் சக்கர நாற்காலிதான். முன்னேற்றமும் பின்னடைவும் மாறி மாறி வருவது இக்காலத்தின் இயல்பு. பத்திரிகைகளில் நாம் காணும் வெற்றிப் படத்துக்குப் பின்னால் இத்தகைய நாட்களே மிகுதியாக உள்ளன.

இந்நீண்ட சிகிச்சைக்குப் பணம் வேண்டும். பில்லிக்காக 2,60,000 பவுண்களை இலக்காகக் கொண்டு நிதி திரட்டப்பட்டது. போர்முலா 1 உலகின் புகழ்பெற்ற ஓட்டுநர் பலர் இதனை எடுத்துச் சொன்னமையால், சில நாட்களிலேயே இலக்கைப் பன்மடங்கு கடந்து நிதி சேர்ந்தது. முகம் அறியாத மக்கள் ஐந்தும் பத்துமாகக் கொடுத்ததும் அதில் அடங்கும்.

5. மீண்டும் ஆசனத்தில்

விபத்து நடந்து பதினொரு வாரங்கள் கழிந்திருந்தன. 2017 ஜூலைத் தொடக்கத்தில், கென்ற் மாவட்டத்தின் பிறாண்ட்ஸ் ஹட்ச் ஓடுபாதையில், கைகளாற் கட்டுப்படுத்தக் கூடிய ஒரு காரை பில்லி ஓட்டினார். காயமுற்ற படைவீரர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பந்தயப் பயிற்சி தரும் 'ரீம் பிறிற்' என்னும் குழு இதற்கு உதவியது. காருக்குள் இருக்கும்போது கால் இல்லாமை அவருக்குப் பெருந்தடையாக இருக்கவில்லை. ஆனால் பந்தயத்துக்குத் திரும்ப மூன்று தடைகள் இருந்தன.

முதலாவது, பொறியியல் தடை. சாதாரணப் பந்தயக் காரில் வேகத்துக்கும் பிறேக்குக்கும் கால் வேண்டும். வேகத்தைக் கைக்கு மாற்றுவது எளிது. கை விரலால் அழுத்தும் ஒரு நெம்புகோலைச் சுக்கானில் அமைத்தால் மின் சமிக்ஞை இயந்திரத்துக்குச் செல்லும். பிறேக் அத்தகையதன்று. இவ்வகைப் பந்தயக் கார்களில், வீட்டுக் கார்களில் உள்ளதுபோல் பிறேக் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் துணைக்கருவி இல்லை. ஓட்டுநர் தம் காலின் முழுப் பலத்தையும் கொண்டு மிதிக்க வேண்டும். சுக்கானைத் திருப்பிக்கொண்டே விரல்களால் அவ்வளவு அழுத்தம் கொடுக்க இயலாது. ஆதலின் பில்லியின் காரில் வேகக் கட்டுப்பாடு கைக்கு மாற்றப்பட்டது. பிறேக் மிதியோ அவருடைய எஞ்சிய காலுக்கு எட்டும் வகையில் மாற்றி அமைக்கப்பட்டது. எதை மாற்றுவது, எதை மாற்றாது விடுவது என்று அறிவதும் பொறியியலே.

இரண்டாவது, விதி என்னும் தடை. மாற்றுத்திறனாளிகள் சர்வதேச ஓராசனப் பந்தயங்களிற் பங்குபற்ற அக்கால விதிகள் இடந்தரவில்லை. இவ்விதியை வெறும் பாகுபாடு என்று தள்ளிவிடலாகாது. கார் தீப்பற்றினால் ஓட்டுநர் எவர் உதவியுமின்றிச் சில விநாடிகளுள் வெளியேற வேண்டும். ஓராசனக் காரின் குழி மிக ஒடுங்கியது. காலில்லாதவர் வெளியேற இயலாது என்பது விதி வகுத்தோர் கருத்து. ஆனால் 'இயலாது' என்பதைச் சோதித்து அறிந்து வகுத்த விதியா அது? பில்லி தரப்பினர் முறையீடு செய்தனர். 2017ஆம் ஆண்டின் இறுதியிற் சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனம் தடையை நீக்க இசைந்தது. தோள் வலியால் உடலைத் தூக்கிக் காரிலிருந்து உரிய காலத்துள் வெளியேறலாம் என்பதைப் பில்லி செய்து காட்ட வேண்டியிருந்தது, செய்து காட்டினார். அவர் தமக்கு மட்டும் சலுகை பெறவில்லை என்பதை மாணவர் கவனிக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனை எல்லோருக்கும் பொது. அதில் தேறுபவர் எவராயினும் ஓட்டலாம் என்னும் வழி பின்னால் வருவோர்க்கும் திறந்தது.

மூன்றாவது, வாய்ப்பு என்னும் தடை. எந்தக் குழு அவருக்குக் கார் தரும்? போர்முலா 1 ஓட்டுநர் பலரை வளர்த்தெடுத்த கார்லின் குழு அவருக்கு இடங்கொடுத்தது.

2018 மார்ச் 31ஆம் நாள், ஓல்ரன் பார்க் ஓடுபாதையில் நடைபெற்ற பிரித்தானிய போர்முலா 3 பந்தயத்தில் அவர் மீண்டும் போட்டியிட்டார். விபத்துக்கு முன் அவர் ஓட்டியது போர்முலா 4; திரும்பி வந்து ஓட்டியதோ அதனினும் ஒரு படி உயர்ந்த, அதினும் வேகமான கார். அந்த முதற் பந்தயத்திலேயே மூன்றாம் இடம் பெற்றார். அவ்வாண்டு முடிவில் ஒட்டுமொத்த வரிசையில் ஆறாம் இடத்தில் நின்றார். தம் கால்களை இழந்த அதே டொனிங்ரன் பார்க்குக்கும் அவ்வாண்டிற் சென்று போட்டியிட்டார்.

2019 மே மாதம், பிரான்சின் போ நகர வீதிகளில் நடைபெறும் பழம்பெரும் பந்தயத்தில் முதலிடம் பெற்றார். மழை ஈரம் இருந்த அன்று, முன்வரிசையில் இல்லாத அவர், ஈரத்துக்குரிய சில்லுகளை விரைவிலேயே மாற்றிக்கொண்டு படிப்படியாக முன்னேறினார். முன்னே சென்ற இருவர் ஒருவரோடொருவர் மோதிக்கொள்ள, முதல்வரானார். நல்லூழும் அதில் இருந்தது. ஆயினும், சில்லை எப்போது மாற்றுவது என்ற கணிப்பும், ஈர வீதியிற் காரைத் தடம் பிறழாது செலுத்திய திறனும் இருந்தமையாலேயே நல்லூழ் வந்தபோது அதனைப் பற்றிக்கொள்ளும் இடத்தில் அவர் இருந்தார்.

6. முன் சென்றவர் இருவர்

பில்லிக்கு முன்னரும் வழி சமைத்தோர் உண்டு.

இத்தாலியரான அலெக்ஸ் சனார்டி தொழில்முறை ஓட்டுநர். 2001 செப்டெம்பர் 15இல் ஜேர்மனியின் லவுசிற்ஸ் ஓடுபாதையில் நிகழ்ந்த விபத்தில் இரு கால்களையும் இழந்தார். இரத்தத்தின் பெரும்பகுதி வெளியேறி, இதயம் பல முறை நின்று மீண்டது. 2003இல் அதே ஓடுபாதைக்குச் சென்று, அன்று ஓடி முடிக்காது விட்ட 13 சுற்றுக்களையும் கைக்கட்டுப்பாடு பொருத்திய காரில் ஓடி முடித்தார். பின்னர்க் கைகளால் மிதிக்கும் சைக்கிளைப் பழகி, 2012 இலண்டன் பராலிம்பிக் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார். அச்சைக்கிள் போட்டிகள் நடைபெற்ற இடமும் பிறாண்ட்ஸ் ஹட்ச் ஓடுபாதையே.

பிரெடெரிக் சோசே என்னும் பிரெஞ்சுக்காரர் பந்தயத் தொழிலர் அல்லர், வணிகர். 2012இல், விடுமுறைக் காலத்தில், விரலில் ஏற்பட்ட சிறு கீறல் வழியாகக் கிருமி புகுந்தது. உயிரைக் காக்க இரு கைகளும் இரு கால்களும் அகற்றப்பட்டன. வைத்தியசாலையில் இருந்தபோதே, லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட வேண்டுமென்னும் எண்ணத்தைக் கொண்டார். வேகத்தையும் பிறேக்கையும் தொடைகளால் இயக்கவும், எஞ்சிய வலக்கையைச் சுக்கானோடு பொருத்தவும் கார் மாற்றியமைக்கப்பட்டது. 2016 ஜூனில், வேறு இரு ஓட்டுநரோடு முறைவைத்து ஓட்டி, 38ஆம் இடத்திற் பந்தயத்தை முடித்தார். முதலிடமும் 38ஆம் இடமும் ஒன்றல்ல. ஆனால் அவர் ஏற்றுக்கொண்ட வினா 'முதல்வர் யார்?' என்பதன்று, 'முடிக்க இயலுமா?' என்பதாகும்.

7. நம் மண்ணில்

இப்பாடத்தை இத்துடன் நிறுத்தலாம். ஆயினும் தமிழ்ப் பாடசாலையில் இதனைப் படிக்கும்போது ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையன்று. பதினேழு வயதிற் கால் இழந்தோர் நம் ஊர்களிலும் இருந்தனர். அவர்கள் பந்தயம் ஓடவில்லை. வயல் வரம்பிலும் பனங்காணியிலும் விறகு பொறுக்கவும் மாடு சாய்க்கவும் சென்றவிடத்தில் மிதிவெடியில் அகப்பட்டனர். ஊன்றுகோலை மேசையருகே சாய்த்துவிட்டுப் பரீட்சை எழுதிய மாணவரை, ஊரிற் கற்பித்த காலத்தில் யாமும் கண்டுள்ளோம். அவர்களுக்கு உலங்குவானூர்தி வரவில்லை. உலகம் நிதி திரட்டவில்லை.

ஆயினும் அவர்களுட் பலரை மீண்டும் நடக்கச் செய்த கால் ஒன்று உண்டு. அது 'ஜெய்ப்பூர்க் கால்'. 1960களின் பிற்பகுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில், இராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் வைத்தியர் பி. கே. சேத்தியும் சேர்ந்து இதனை உருவாக்கினர். மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள் நுழைப்பதற்காகச் செய்யப்பட்டது. அதைக் கொண்டு சேற்றில் இறங்க இயலாது. சம்மணமிட்டு இருக்க இயலாது. இறப்பராற் செய்த ஜெய்ப்பூர்ப் பாதமோ வெறுங்காலோடு வயலில் இறங்கவும், குந்தி இருக்கவும், மேடு பள்ளத்தில் நடக்கவும் இடந்தந்தது. விலையும் மிகக் குறைவு. யாழ்ப்பாணத்திலும் இக்கால்களைச் செய்து பொருத்தும் நிலையம் ஒன்று போர்க்காலத்திலேயே இயங்கத் தொடங்கிற்று. பொருட்தடை இருந்த காலத்திலும் அங்கே கால்கள் செய்யப்பட்டன. மிதிவெடிகளைத் தடைசெய்யும் 1997ஆம் ஆண்டு ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது.

ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பில்லியின் கார் அவருடைய உடலுக்கேற்ப மாற்றப்பட்டது. ஜெய்ப்பூர்க் கால் நம் மக்களுடைய வாழ்க்கைக்கேற்ப வடிவமைக்கப்பட்டது. இரண்டிலும் மனிதரைக் கருவிக்கேற்ப வளைக்கவில்லை. கருவியை மனிதருக்கேற்ப வளைத்தனர். நம் மண்டபங்களிலும் கோவில்களிலும் படிக்கட்டுக்கு அருகே ஒரு சரிவுப்பாதை அமைப்பதும் இதே அறிவின்பாற்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கால் இழந்தவரைக் கண்டால் 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டுவது நம்மிடையே பரிவாகக் கருதப்படுகின்றது. அத்தகைய பிள்ளையை விருந்தினர் வரும்போது உள்ளறையில் இருத்தும் வீடுகளும் உண்டு. பில்லியின் குடும்பத்தார் அவரை உள்ளறையில் இருத்தியிருந்தால், அவர் வாழ்ந்திருப்பார், ஆனால் ஓடியிருக்கமாட்டார். பரிவு வேண்டியதே. அப்பரிவு, 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்பதாகவும், கேட்ட பின் அதைச் செய்து தருவதாகவும் இருத்தல் வேண்டும்.

8. பின்னுரை

பில்லி மங்கர் பந்தயத்தோடு நின்றுவிடவில்லை. 2021இல் நடந்தும் படகு வலித்தும் சைக்கிள் ஓட்டியும் 140 மைல்களைக் கடந்து, 'கொமிக் ரிலீவ்' அறநிதிக்கு 30 இலட்சம் பவுண்களுக்கு மேல் திரட்டினார். தமக்குக் கிடைத்த உதவி பிறர்க்கும் சென்று சேர வேண்டும் என்னும் எண்ணமே இதில் வெளிப்படுகின்றது. 2024 ஒக்ரோபரில், ஹவாய்த் தீவின் கோனா நகரில் நடைபெற்ற 'அயன்மான்' போட்டியில், 3.8 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டி, 42.2 கிலோமீற்றர் ஓடி, 14 மணி 23 நிமிடம் 56 செக்கனில் முடித்தார். இரு கால்களும் இழந்தவர்களுள் அதுவரை இருந்த சாதனையை இரண்டு மணி நேரத்துக்கு மேலாக அவர் முறியடித்தார். கோனாவின் வெப்பம் கொடியது. கால்கள் இல்லாதவரின் உடலில் வியர்வை வழியாக வெப்பத்தை வெளிவிடும் தோற்பரப்புக் குறைவு. கிண்ணத்துள் வியர்வை தேங்கினால் கால் வழுக்கும். இவற்றை அறிந்தால்தான் அந்த நேரக் கணக்கின் பெறுமதி புலப்படும்.

மாணவரைப் பந்தயக் கார் ஓட்டும்படி யாம் தூண்டவில்லை. அது ஆபத்தான விளையாட்டு என்பதை இவ்வரலாறே காட்டுகின்றது. திருக்குறளில் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தை அடுத்து இடுக்கணழியாமை வைக்கப்பட்டிருப்பதை நீங்கள் குறள் மனனப் போட்டிக்காகப் படித்திருப்பீர்கள். முயற்சியைச் சொன்னவுடன் துன்பத்தையும் வள்ளுவர் பேசுவது ஏன் என்று, இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு சிந்தியுங்கள்.

அருஞ்சொற்கள்

உலங்குவானூர்தி – செங்குத்தாக எழுந்து பறக்கும் ஊர்தி
சத்திரசிகிச்சை – அறுத்துச் செய்யும் சிகிச்சை
இயன்மருத்துவர் – உடற்பயிற்சியாலும் அசைவாலும் சிகிச்சை அளிப்பவர்
நெம்புகோல் – சிறு விசையாற் பெரிய பொருளை இயக்க உதவும் கோல்
சுக்கான் – வாகனத்தின் திசையை மாற்றும் சில்லு
நல்லூழ் – தற்செயலாக வாய்க்கும் நன்மை

பயிற்சி வினாக்கள்

1. முழங்கால் எஞ்சுவதற்கும் எஞ்சாமைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. பில்லியின் காரில் வேகக் கட்டுப்பாட்டைக் கைக்கு மாற்றியவர்கள் பிறேக்கை ஏன் மாற்றவில்லை?
3. மாற்றுத்திறனாளிகளுக்குத் தடை விதித்த விதிக்கு ஒரு காரணம் இருந்தது. காரணமுள்ள விதியை எவ்வாறு எதிர்த்து வாதிடலாம்? பத்து வரிகளில் எழுதுக.
4. ஜெய்ப்பூர்ப் பாதம் நம் நாட்டு வாழ்க்கைக்கு ஏன் பொருத்தமாயிற்று?
5. உங்கள் வீட்டில் அம்மம்மாவிடமோ தாத்தாவிடமோ, ஊரிற் கை கால் இழந்தும் தொழில் செய்து வாழ்ந்த ஒருவரைப் பற்றிக் கேட்டறிந்து, ஒரு பக்கத்தில் எழுதி வகுப்பில் வாசிக்குக.
6. நமது பாடசாலை நடைபெறும் கட்டிடத்துக்குச் சக்கர நாற்காலியில் ஒரு மாணவர் வந்தால், வாசலிலிருந்து வகுப்பறை வரை அவர் எதிர்கொள்ளும் தடைகளை வரிசைப்படுத்துக. அவற்றுள் நாமே நீக்கக் கூடியவை எவை?